ஐம்பதை நெருங்கும் வயதில் ஒரு பயிலுநர்: மிமார் ஸினானின் இரண்டாவது தொழில்

உஸ்மானியப் பேரரசின் தலைமைக் கட்டடக் கலைஞராக ஸினான் நியமிக்கப்பட்டபோது அவருக்கு ஏறத்தாழ 49 வயது. அதுவரை அவர் ஒரு படைவீரர். பெயர் சொல்லக்கூடிய பள்ளிவாசல் ஒன்றையேனும் தலைநகரில் அவர் கட்டியிருக்கவில்லை. நாம் இன்று இஸ்தான்பூலின் படம் என்று எதைப் பார்த்தாலும் அதன் பின்னணியில் தெரிகின்ற சுலைமானியா பள்ளிவாசலை அவர் கட்டி முடித்தபோது வயது 67 அளவில் ஆகியிருந்தது. எத்ரினேயில் உள்ள ஸெலிமியா பள்ளிவாசல் முடிந்தபோது 85.

இந்தக் கணக்கைச் சொன்னால் எமது இளைஞர்கள் வியப்பார்கள். நடுத்தர வயதுக்காரர்கள் கொஞ்சம் மௌனமாகி விடுகிறார்கள். எமது சமூகத்தில் ஒரு மனிதனின் தொழில் அவனுடைய 20 வயதுக்குள் தீர்மானிக்கப்பட்டு விடுகிறது. சாதாரண தரம், உயர்தரம், அதன் பிறகு கடையா, கட்டாரா, அரச உத்தியோகமா என்ற ஒரு தெரிவு. அந்தத் தெரிவு பிழைத்துப் போனாலும் அதே கதிரையில் ஓய்வு பெறும் வரை உட்கார்ந்திருப்பதுதான் வழக்கம். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான 38 வயது மனிதர் ஒருவர் புதிதாக ஒரு கைத்தொழிலையோ கணினிப் பயிற்சியையோ தொடங்கினால், இந்த வயதில் உனக்கு இது தேவையா என்று முதலில் கேட்பது வீட்டார்தான். வளைகுடாவில் பதினைந்து வருடம் ஒரே களஞ்சியசாலையில் வேலை செய்துவிட்டுத் திரும்பிய நானாமார் பலரோடு பேசியிருக்கிறேன். அவர்களுக்கு உழைக்கும் உடம்பு இருக்கிறது, அனுபவமும் இருக்கிறது. இனிமேல் எதைப் படிப்பது என்கின்ற சலிப்புத்தான் அவர்களைப் பிடித்து வைத்திருக்கிறது. ஸினானின் வாழ்க்கையை நான் இந்தப் பக்கத்திலிருந்துதான் வாசிக்கிறேன். கட்டடக் கலை பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நிறையவே இருக்கிறார்கள்.

அவர் பிறந்தது இன்றைய துருக்கியின் நடுப்பகுதியில், கைஸேரிக்கு அருகிலுள்ள ஆகிர்னாஸ் என்ற கிராமத்தில். ஆண்டு 1490 அளவில் இருக்கலாம் என்பதே பொதுவான கணிப்பு. குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம். ஆர்மேனியரா கிரேக்கரா என்ற சர்ச்சை இன்றும் ஓயவில்லை. 1512 அளவில், ஸெலிம் சுல்தானின் ஆட்சி தொடங்கிய காலத்தில், தெவ்ஷிர்மே என்ற முறையின் கீழ் அவர் இஸ்தான்பூலுக்குக் கொண்டு வரப்பட்டார். கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்து பையன்களை எடுத்து, இஸ்லாத்தில் வளர்த்து, அரண்மனைக்கும் படைக்கும் ஆளாக்குவது அந்த முறை. இதை வரலாற்றுப் பெருமையாக மட்டும் சொல்லிச் செல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு தாயிடமிருந்து பிள்ளையை எடுப்பது எந்தப் பேரரசு செய்தாலும் பாரமான காரியம்தான். ஸினானும் தன் ஊரை மறக்கவில்லை. சைப்பிரஸ் தீவு கைப்பற்றப்பட்ட பின்னர் கைஸேரிப் பகுதி மக்களை அங்கே கொண்டு போய்க் குடியேற்ற உத்தரவு வந்தபோது, 1573 இல் தன்னுடைய உறவினர்களையும் ஊரவர்களையும் அதிலிருந்து விலக்கி வைக்க அவர் அரண்மனையில் பேசி உத்தரவு பெற்றுக் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தெவ்ஷிர்மேயில் வழக்கமாக எடுக்கப்பட்டவர்கள் சிறுவர்கள். 1490 என்ற கணிப்பு சரியென்றால் ஸினான் இருபதைக் கடந்த பின்னரே வந்திருக்கிறார். அதாவது தொடக்கமே பிந்திய தொடக்கம். கூடப் பயின்றவர்கள் எல்லோரும் தன்னைவிட இளையவர்கள்.

புதிதாக வந்தவர்களை நகரத்து வேலைத்தலங்களில் அமர்த்துவது வழக்கம். ஸினான் தச்சு வேலையைக் கேட்டுப் பெற்றுக் கொண்டார். பின்னாளில், முதுமையில், தன்னுடைய வாழ்க்கையை ஸாஈ முஸ்தபா செலெபி என்ற கவிஞருக்குச் சொல்லி எழுதுவித்தார். அந்த நினைவுக் குறிப்புகளில் தன் பயிற்சிக் காலத்தை ஒரு கவராயத்துக்கு ஒப்பிடுகிறார். கவராயத்தின் ஒரு கால் நடுவில் ஊன்றி நிற்கும், மற்றக் கால் சுற்றி வரும். தானும் முதலில் ஒரே இடத்தில் ஊன்றி நின்று தொழிலைக் கற்றதாகவும், பிறகு ஊர் ஊராகச் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டதாகவும் சொல்கிறார். படையோடு அரபு நாடுகளிலும் பாரசீக நாட்டிலும் திரிந்தபோது, இடிந்து கிடந்த ஒவ்வொரு பழைய கட்டடத்திலிருந்தும் ஏதோ ஒன்றை எடுத்துக் கொண்டதாகவும் அதிலே வருகிறது.

என்னைப் பொறுத்தவரை அவருடைய கதையின் திறவுகோல் இந்த இடம்தான். அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை போர். பெல்கிரேட் 1521, ரோட்ஸ் 1522, மொஹாச் 1526, வியன்னா 1529, பக்தாத் 1534 என்று அவர் போன படையெடுப்புகளின் பட்டியல் நீளமானது. ஒவ்வொன்றிலும் பதவி ஒரு படி ஏறியது. குதிரை வீரரானார், காலாட்படைப் பிரிவொன்றின் தலைவரானார், பொறிவில் படையின் தலைவரானார். அதே பாதையில் அவரைப் போல் ஆயிரக்கணக்கானோர் போனார்கள். ஒரு கோட்டையை அவர்கள் பிடிக்க வேண்டிய இடமாகப் பார்த்தார்கள். ஸினான் அது எப்படி நிற்கிறது, எங்கே அடித்தால் விழும், ஏன் இந்த வளைவு இத்தனை நூற்றாண்டாக விழவில்லை என்றும் பார்த்தார். சுவரை உடைக்கத் தெரிந்தவனுக்குச் சுவர் கட்டத் தெரிவதற்குப் பாதி வழிதான் மிச்சம் என்று எங்கள் ஊர் மேசன் பாஸ்மார் சிரித்துக் கொண்டே ஒப்புக் கொள்வார்கள்.

பக்தாத் படையெடுப்பின் போது ஒரு சம்பவம். படை வான் ஏரிக் கரையில் நின்றது. அக்கரையில் ஸஃபவிகளின் படை. அவர்களின் நிலையை அறிய வேண்டும், ஏரியோ கடல் போன்றது. தளபதி லுத்ஃபி பாஷா, கப்பல் கட்டித் தரும்படி ஸினானிடம் பொறுப்பைக் கொடுத்தார். கப்பல் கட்டுவது ஸினானின் தொழிலல்ல. இருந்தும் கிடைத்த மரத்தையும் ஆட்களையும் கொண்டு மூன்று துடுப்புப் போர்க்கப்பல்களைக் கட்டி, பீரங்கி ஏற்றி, தானே தலைமை தாங்கி அக்கரை வரை சென்று உளவறிந்து வந்தார். அந்த வேலைக்குப் பின்னர்தான் சுல்தானின் மெய்க்காவல் பிரிவில் ஹாஸகி என்ற உயர் நிலை அவருக்குக் கிடைத்தது.

1538 இல் மொல்தாவியா படையெடுப்பு. ப்ரூத் ஆற்றைக் கடக்கப் பாலம் வேண்டும். கரை முழுவதும் சேற்று நிலம். முன்னர் அமைக்கப்பட்டவை சேற்றில் அமிழ்ந்து போயின. மீண்டும் லுத்ஃபி பாஷாதான் ஸினானின் பெயரைச் சொன்னார். இரண்டு வாரத்துக்குள் மரப்பாலம் நின்றது, சுல்தான் சுலைமானும் முழுப் படையும் அதன் மேல் கடந்தார்கள். இப்படி ஒரு ஆளை மேலிடம் நினைவில் வைத்திருப்பது சும்மா அல்ல. ஆனால் அந்த நினைவு உருவாவதற்கு ஸினான் தன்னுடைய தொழில் விபரத்தில் இல்லாத இரண்டு வேலைகளை ஏற்றுச் செய்திருந்தார். இது என் வேலையல்ல என்று அவர் சொல்லியிருந்தால், எவரும் குறை சொல்லியிருக்க முடியாது. லுத்ஃபி பாஷாவும் வேறு ஆளைத் தேடியிருப்பார்.

சிறிது காலத்தில் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்த அஜம் அலி காலமானார். அடுத்தவர் யார் என்ற கேள்வி எழுந்தபோது லுத்ஃபி பாஷா, ஹாஸகி ஸினானைப் பரிந்துரைத்தார். 1539 இல் லுத்ஃபி பாஷா பிரதம வஸீராகவும் ஆனார்.

இங்கே ஸினான் தயங்கினார். இதை அவரே மறைக்காமல் சொல்லியிருப்பதுதான் எனக்குப் பிடித்த விடயம். ஜானிஸரிப் படையில் கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஏறி வந்த படிகள். தோழர்கள், மரியாதை, அடுத்து என்ன பதவி என்ற நிச்சயம். அந்தப் பாதையை விட்டு விலகுவது தனக்கு வேதனையாக இருந்தது என்கிறார். பின்னர் வேறொன்றை யோசித்திருக்கிறார். இந்தத் தொழிலில் இறங்கினால் பல பள்ளிவாசல்களைக் கட்டும் பாக்கியம் கிடைக்கும், அதனால் இம்மையும் மறுமையும் சேர்ந்து கிடைக்கும் என்ற எண்ணத்தோடு சம்மதித்திருக்கிறார்.

ஊக்கம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்களுக்கு நான் இந்தத் தயக்கத்தைத்தான் காட்டுவேன். புதிய சம்பளத்தைப் பற்றிய பேச்சு அந்த இடத்தில் இல்லை. பழைய தொழில் கசந்து போனதாகவும் இல்லை. தான் இறந்த பிறகும் நின்று நன்மை தரும் ஒன்றைச் செய்யலாம் என்ற நிய்யத் இருந்தது. ஸதகதுல் ஜாரியா பற்றி நாம் ஜும்ஆ பயான்களில் அடிக்கடி கேட்கிறோம். கிணறு வெட்டுவதும் பள்ளிக்குக் காசு கொடுப்பதும் நினைவுக்கு வரும். தொழிலை மாற்றிக் கொள்வதற்கும் அது ஒரு காரணமாக இருக்கலாம் என்று எம்மில் எத்தனை பேர் நினைத்திருக்கிறோம்?

புதிய பதவியில் முதல் வேலை பெரிதாக ஒன்றுமில்லை. சுல்தானின் மனைவி ஹுர்ரம் இஸ்தான்பூலில் அமைத்த வக்ஃபுக்காக ஒற்றைக் குவிமாடத்துடன் ஒரு சிறிய பள்ளிவாசல், அதைச் சேர்ந்த மத்ரஸா, உணவுச்சாலை. அதற்குப் பிறகு 1543 இல் சுல்தானின் மகன் மெஹ்மத் இளம் வயதிலேயே இறந்து போனார். மகனின் நினைவாக சுல்தான் கட்டச் சொன்னதுதான் ஷெஹ்ஸாதா பள்ளிவாசல். 1548 இல் முடிந்தது. நடுவில் பெரிய குவிமாடம், அதன் நான்கு பக்கமும் நான்கு அரைக் குவிமாடங்கள்.

கொஞ்சம் விளக்கம் தேவை. குவிமாடம் என்பது அழகுக்காக மேலே வைக்கும் தொப்பி அல்ல. அத்தனை கல்லின் பாரமும் கீழ்நோக்கி மட்டும் வருவதில்லை, சுவரை வெளியே தள்ளவும் செய்யும். குவிமாடம் அகலமாக அகலமாக இந்தத் தள்ளல் கூடும். அதைத் தாங்க அரைக் குவிமாடங்களையும் பெரும் தூண்களையும் முட்டுச்சுவர்களையும் வைக்கிறார்கள். அவற்றை அதிகமாக வைத்தால் உள்ளே இடம் அடைபடும், தொழுகிறவர்களுக்கு இமாமும் மிஹ்ராபும் தெரியாது. குறைவாக வைத்தால் கூரை தலையில் விழும். ஸினானின் எஞ்சிய வாழ்க்கை முழுவதும் இந்த ஒரே கணக்கைத் தீர்ப்பதில் போனது என்று சொல்லலாம்.

அவருடைய கண் முன்னாலேயே ஆசிரியரும் போட்டியாளரும் ஒன்றாக நின்றன: ஆயா ஸோஃபியா. கி.பி. 537 இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் முதல் குவிமாடம் ஏறத்தாழ 20 ஆண்டில் விழுந்தது. பின்னரும் இரு தடவை பகுதி பகுதியாக இடிந்து திருத்தப்பட்டது. ஆயினும் அந்த அளவுக்கு அகலமான குவிமாடத்தை ஆயிரம் வருடமாக அந்த வட்டாரத்தில் எவராலும் கட்ட முடியவில்லை. முஸ்லிம்களால் இப்படி ஒன்றைக் கட்ட இயலாது என்று கிறிஸ்தவக் கட்டடக்காரர்கள் பேசிக் கொண்டது தன் மனதில் முள்ளாகத் தைத்திருந்தது என்று ஸினான் பதிந்திருக்கிறார். அந்த ரோஷம் அவரை ஓட வைத்தது. ஆனால் ஓடிய விதம் எங்களுடைய ரோஷத்தைப் போலல்ல. சத்தம் போடவில்லை, 30 வருடம் அளந்து பார்த்தார்.

எப்படி அளந்தார் என்பது கட்டடங்களை வரிசையாகப் பார்த்தால் தெரியும். ஷெஹ்ஸாதாவில் நான்கு அரைக் குவிமாடங்கள். அதே காலத்தில் சுல்தானின் மகள் மிஹ்ரிமாவுக்காக உஸ்குதாரில் கட்டியதில் மூன்று. 1550 இல் தொடங்கிய சுலைமானியாவில், ஆயா ஸோஃபியாவைப் போலவே இரண்டு. அதற்கு அப்பால் சதுரத்தை விட்டுவிட்டு, ஆறு தாங்கிகளின் மேல் குவிமாடத்தை வைத்துப் பார்த்தார். பிறகு எட்டு. எட்டுத் தாங்கி முறையை 1560களின் தொடக்கத்தில் ருஸ்தம் பாஷா பள்ளிவாசலில் செய்து பார்த்தார். அது சந்தைக்கு நடுவே, கீழே கடைகளும் களஞ்சியங்களுமாக, மேலே பள்ளியுமாக அமைந்த சிறிய கட்டடம். சுற்றுலாப் பயணிகள் அதன் நீல ஓடுகளைப் பார்க்கப் போகிறார்கள். எனக்கு அது ஒரு மாணவனின் பயிற்சிக் கொப்பியாகத் தெரிகிறது. அந்தக் கொப்பியில் 70 வயது மாணவன் எழுதிப் பார்த்த கணக்குத்தான் பத்தாண்டின் பின் ஸெலிமியாவில் பெரிய அளவில் வந்தது.

சுலைமானியாவுக்கு ஏழு வருடம் பிடித்தது. குவிமாடத்தின் விட்டம் ஏறத்தாழ 26.5 மீற்றர், உயரம் 53 மீற்றர். உள்ளே இருக்கும் நான்கு பெரும் கருங்கல் தூண்களில் ஒன்று அலெக்ஸாந்திரியாவிலிருந்தும் ஒன்று பஅல்பெக்கிலிருந்தும் கொண்டு வரப்பட்டதாகவும், மற்ற இரண்டும் இஸ்தான்பூலிலேயே கிடைத்ததாகவும் நினைவுக் குறிப்புகள் கூறுகின்றன. அந்த வேலைத்தலத்தின் கணக்குப் புத்தகங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றை ஆராய்ந்தவர்கள், வேலை செய்தவர்களில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஏறத்தாழச் சரிபாதி என்று கண்டிருக்கிறார்கள். பள்ளிவாசலோடு மத்ரஸாக்கள், மருத்துவக் கல்லூரி, வைத்தியசாலை, ஏழைகளுக்கான உணவுச்சாலை, குளியலகம் எல்லாம் சேர்ந்த ஒரு சிறு நகரமே அங்கு எழுந்தது. விளக்குகளின் புகைக்கரியைக் காற்றோட்டத்தால் வாசலுக்கு மேலுள்ள ஓர் அறைக்கு இழுத்து, அதிலிருந்து எழுதும் மை தயாரித்ததாகவும் சொல்லப்படுகிறது.

அந்த ஏழு வருடத்தில் ஒரு நெருக்கடி வந்தது. ஸினான் வேறு வேலைகளில் கவனத்தைச் செலுத்துகிறார், குவிமாடம் நிற்குமா என்றே சந்தேகம் என்று சிலர் சுல்தானின் காதில் போட்டார்கள். சுல்தான் கோபத்தோடு வந்து எப்போது முடியும் என்று கேட்டார். இரண்டு மாதத்தில் என்றார் ஸினான். கூட இருந்தவர்கள் அவருக்குப் புத்தி பேதலித்து விட்டது என்றே எண்ணினார்கள். சுல்தான் ஆளனுப்பி மீண்டும் கேட்டார், அதே பதில். நகரத்தில் இருந்த வேலைக்காரர் அனைவரையும் திரட்டி இரவு பகலாகச் செய்து, சொன்ன தவணையில் முடித்து, சாவியைச் சுல்தானிடம் கொடுத்தார். சுல்தான் அந்தச் சாவியை ஸினானிடமே திருப்பிக் கொடுத்து அவரையே திறக்கச் சொன்னார் என்பது வரலாறு. இந்தக் கதை சொல்லும் இன்னொரு சேதி, ஸினான் 50 வயதுக்குப் பின் கற்றது கல்லடுக்குவதை மட்டுமல்ல என்பது. ஆயிரக்கணக்கானோரை வேலை வாங்குவது, கணக்குக் கொடுப்பது, மேலிடத்துக்குப் பதில் சொல்வது எல்லாம் தனித்தனித் திறன்கள். அவரது பெயரில் சொல்லப்படும் நானூறுக்கும் மேற்பட்ட வேலைகளை ஒரு மனிதர் தன் கையால் வரைந்திருக்க முடியாது. அவருக்குக் கீழ் ஒரு முழு அலுவலகமே இயங்கியது. தலைநகரின் தண்ணீர், வடிகால், செங்கல்லின் அளவு, தீ விபத்துக்கான ஒழுங்குகள் கூட அவருடைய பொறுப்பில்தான் வந்தன.

தண்ணீர் என்றதும் ஒரு தோல்வியைச் சொல்ல வேண்டும். இஸ்தான்பூலுக்கு நீர் கொண்டு வர அவர் அமைத்த கிர்க்செஷ்மே திட்டத்தின் நீர்ப்பாலங்களை 1563 செப்டெம்பரில் வந்த பெருவெள்ளம் சேதப்படுத்தியது. சில அடியோடு போயின. ஏறத்தாழ 73 வயது மனிதர், பத்தாண்டு உழைப்பை வெள்ளம் கொண்டு போவதைப் பார்க்கிறார். மீண்டும் கட்டினார். 36 மீற்றர் உயரத்தில் இரண்டு அடுக்கு வளைவுகளோடு இன்றும் நிற்கும் மஆலோவா நீர்ப்பாலத்தைப் பார்த்தால், தண்ணீர் மோதும் விசையைப் பிரித்து விடும் வகையில் அதன் தூண்களின் அடிப்பகுதி கூம்பிச் சாய்ந்து அமைந்திருப்பதைக் காணலாம். அதே காலத்தில் பழைய பாலம் கெட்டுப் போன புயுக்செக்மெஜேயில் 28 வளைவுகளோடு 600 மீற்றருக்கு மேல் நீளமான கல்பாலத்தைக் கட்டி 1567 இல் முடித்தார். சுலைமானியாவையும் ஸெலிமியாவையும் கட்டிய மனிதரின் கப்ருக்கான கல்வெட்டில் இந்தப் பாலமும் எடுத்துச் சொல்லப்படுகிறது. ப்ரூத் ஆற்றங்கரையில் சேற்றில் நின்று மரப்பாலம் போட்ட பழைய படைவீரர் தனக்குள் இருந்து ஒருபோதும் விலகவில்லை போலும்.

பின்னர் ஸெலிமியா. சுல்தான் சுலைமான் 1566 இல் போர்க்களத்துக் கூடாரத்தில் காலமானார். மகன் இரண்டாம் ஸெலிம் எத்ரினே நகரில் பள்ளிவாசல் கட்ட விரும்பினார். வேலை 1568 அளவில் தொடங்கியது. எட்டுத் தூண்கள், அவற்றின் மேல் 31 மீற்றருக்கு மேல் விட்டமுள்ள ஒரே குவிமாடம். உள்ளே நின்று மேலே பார்த்தால், மிஹ்ராப் பக்கம் தவிர வேறெங்கும் பெரிய அரைக் குவிமாடம் குறுக்கே வராது. ஒரே கூரைக்குக் கீழே எல்லோரும். நான்கு மினாராக்களும் 70 மீற்றர் அளவில். சில மினாராக்களுக்குள் ஒன்றையொன்று சந்திக்காமல் மூன்று படிக்கட்டுகள் சுற்றிக் கொண்டு ஏறி, மூன்று மாடங்களுக்குத் தனித்தனியே போகின்றன. ஆயா ஸோஃபியாவை மிஞ்சிவிட்டதாக ஸினான் தன் குறிப்புகளில் மகிழ்ச்சியோடு பதிந்தார். அளந்து பார்த்தால் விட்டம் ஏறத்தாழச் சமம், உயரத்தில் ஆயா ஸோஃபியாதான் கூட. கிழவரின் அந்தச் சிறிய மிகைப்படுத்தலை நான் பெரிதுபடுத்த மாட்டேன். இன்னொன்று, ஸெலிமியா எழுந்து கொண்டிருந்த அதே வருடங்களில், சரிந்து கொண்டிருந்த ஆயா ஸோஃபியாவுக்கு முட்டுச்சுவர் கட்டி அதைக் காப்பாற்றும் வேலையையும் அவர்தான் செய்தார். போட்டியாளரை விழ விட்டிருந்தால் தன்னுடையது தானாகவே பெரிதாகியிருக்கும். ஸெலிம் சுல்தான் 1574 டிசம்பரில் இறந்தார், பள்ளிவாசல் அடுத்த வருடம் திறக்கப்பட்டது. அவர் அதில் தொழவே இல்லை.

ஷெஹ்ஸாதா தன்னுடைய பயிலுநர் கால வேலை, சுலைமானியா தேர்ந்த தொழிலாளியின் வேலை, ஸெலிமியாதான் உஸ்தாதின் வேலை என்று ஸினான் தரம் பிரித்ததாக ஒரு வழக்கு உண்டு. அது அவர் வாயிலிருந்தே வந்ததா என்று ஆராய்ச்சியாளர்கள் விவாதிக்கலாம். கட்டடங்களைப் பார்க்கும்போது அந்தத் தரப்படுத்தல் பிழையாகத் தெரியவில்லை. ஷெஹ்ஸாதா முடிந்தபோது வயது 58 அளவில். அந்த வயதில் தன்னைப் பயிலுநர் என்று சொல்லிக் கொள்ள ஒரு மனிதருக்கு மானக் குறைவாகத் தோன்றவில்லை. எங்கள் பக்கம் ஒரு வருடச் சான்றிதழ் படிப்பை முடித்தவரும் அழைப்பிதழில் பட்டத்தைப் போடச் சொல்லுகிறார்.

ஸினானைப் பற்றி வட்ஸ்அப்பில் அவ்வப்போது சுற்றும் இரண்டு கதைகளை இந்த இடத்தில் ஒதுக்கி வைப்பது நல்லது. ஒன்று, பள்ளிவாசல் வளைவொன்றைத் திருத்தும்போது கண்ணாடிப் போத்தலுக்குள் ஸினான் எழுதி வைத்த கடிதம் கிடைத்தது, அதில் நானூறு வருடத்துக்குப் பிறகு அந்த வளைவை எப்படித் திருத்துவது என்று விளக்கியிருந்தார் என்பது. கேட்க இனிமையானது, ஆனால் அந்தக் கடிதத்தைக் காட்டியவர் எவரையும் நான் காணவில்லை. மற்றது, அவருடைய மாணவர்கள்தான் தாஜ்மஹாலைக் கட்டினார்கள் என்பது. ஸினான் இறந்து 44 வருடம் கழித்தே தாஜ்மஹாலின் வேலை தொடங்கியது. அவருடைய உண்மையான வாழ்க்கையே போதிய அதிசயமாக இருக்கும்போது இப்படிப்பட்ட சோடனைகள் எதற்கு?

தொண்ணூறு வயதைத் தாண்டிய பின், 1584 அளவில், பொறுப்பை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு ஹஜ்ஜுக்குப் போனார். திரும்பி வந்து மீண்டும் வேலையில் இருந்தார். 1588 இல் காலமானார். மூன்று சுல்தான்களின் கீழ், 50 வருடத்துக்குச் சற்றுக் குறைவாக ஒரே பதவி. இரண்டாவது தொழில் முதலாவதைவிட ஏறத்தாழ இரு மடங்கு நீளமாகி விட்டது. சுலைமானியாவின் மதிலுக்கு வெளியே, இரண்டு தெருக்கள் சேரும் மூலையில், தானே வரைந்த சிறிய இடத்தில் அடக்கப்பட்டிருக்கிறார்.

மாணவர்களில் ஹைருத்தீன் பொஸ்னியாவின் மொஸ்தார் பாலத்தைக் கட்டியவர் என்று பலருக்கும் தெரியும். 1993 இல் அதைப் பீரங்கி அடித்து உடைத்ததையும், 2004 இல் திரும்பக் கட்டியதையும் நாம் செய்தியில் பார்த்தோம். என் மனதில் நிற்பவர் இன்னொருவர், மெஹ்மத் ஆகா. அவர் அரண்மனைத் தோட்டத்துப் பணியாளாக வந்து, முதலில் இசை கற்றார். ஒரு கனவு அவரை உறுத்தியது, இசையை விட்டார். பிறகு சிப்பி பதிக்கும் கைவினையை எடுத்துக் கொண்டார், அதிலே பெயர் பெற்றார். அதே வேலைத்தலத்தில் ஸினானிடமிருந்து கட்டடக் கலையையும் கற்றார். சுல்தானுக்கு அவர் அன்பளித்தது சிப்பி பதித்த ஒரு குர்ஆன் ரேஹால். ஸினான் இறந்து பல ஆண்டுகள் சென்று, 1606 இல், அவரும் தலைமைக் கட்டடக் கலைஞரானார். 1609 இல் ஆயா ஸோஃபியாவுக்கு எதிரே அவர் தொடங்கிய பள்ளிவாசலைத்தான் இன்று உலகம் நீலப் பள்ளிவாசல் என்று அழைக்கிறது. அதிலும் நடுக் குவிமாடத்தைச் சுற்றி நான்கு அரைக் குவிமாடங்கள் இருக்கின்றன, ஸினான் தன்னுடைய பயிலுநர் கால வேலையில் வைத்ததைப் போலவே.